விமானத்துக்குப் பெட்டி கட்டும்போது எடையை எப்படிப் பார்ப்பது, எதை மறைக்கக் கூடாது

மதுரையில் டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். துபாய்க்கு வேலைக்குப் போகும் பையன்கள், சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போகும் குடும்பங்கள், முக்திநாத் யாத்திரைக்குக் குழுவாகக் கிளம்பும் பெரியவர்கள், யாராக இருந்தாலும் முதல் கேள்வி "எத்தனை கிலோ விடுவாங்க?" என்பதுதான். அடுத்த கேள்வி, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "கூட ரெண்டு மூணு கிலோ இருந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்ல?"

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. எடைக் கணக்கு தப்பாகப் போனதால் விழுந்த விமானங்கள் உண்டு, அவற்றில் ஏறியவர்களும் நம்மைப் போலப் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியவர்கள்தான்.

2003 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று மதியம், மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டின் கோட்டனூ நகரத்திலிருந்து ஒரு போயிங் 727 கிளம்பியது. கினியிலிருந்து வந்து, கோட்டனூவில் ஆள் ஏற்றிக்கொண்டு, பெய்ரூட் வழியாகத் துபாய் போக வேண்டிய விமானம். உள்ளே இருந்தவர்களில் நிறையப் பேர் ஆப்பிரிக்காவில் தொழில் செய்துவந்த லெபனான்காரர்கள், விடுமுறைக்குச் சொந்த ஊர் போகிறார்கள். விமானம் ஓடுபாதையில் ஓடிக்கொண்டே இருந்தது, மூக்கு தூக்க மறுத்தது. பாதை முடியும் இடத்தில்தான் ஒருவழியாகத் தரையை விட்டது, ஆனால் உயரம் கிடைக்கவில்லை. பாதைக்கு அப்பால் இருந்த ஒரு சின்னக் கருவிக் கட்டிடத்தில் இடித்து, கடற்கரையில் போய் விழுந்தது. 163 பேரில் 141 பேர் இறந்துபோனார்கள். பிரெஞ்சு விசாரணை அமைப்பு ஆராய்ந்து சொன்ன காரணம்: விமானத்தில் அளவுக்கு மீறிய பாரம், அதுவும் முன்பக்கமாகக் குவிந்த பாரம், முன்பக்கம் அப்படிக் குவிந்திருந்தது விமானிகளுக்குத் தெரியவே தெரியாது.

அந்த ஓடுபாதையின் நீளம் சுமார் 2400 மீட்டர். நம் மதுரை ஓடுபாதை சுமார் 2300 மீட்டர். பயமுறுத்தச் சொல்லவில்லை, சரியான எடையில் கிளம்பும் விமானத்துக்கு இது போதுமான நீளம்தான், நாள்தோறும் விமானங்கள் இறங்கி ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அந்தப் போதுமான நீளம் என்பது, விமானியின் கையில் இருக்கும் தாளில் எழுதிய எடை உண்மையாக இருந்தால் மட்டும்தான்.

விமானிக்கு எடை எப்படித் தெரிகிறது

விமானத்துக்குள் எங்கோ ஒரு தராசு இருக்கும், பாரம் கூடினால் சிவப்பு விளக்கு எரியும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நாம் ஏறுகிற பெரும்பாலான விமானங்களில் அப்படி ஒன்றும் கிடையாது. ஷேர் ஆட்டோவில் ஆள் கூடினால் டிரைவருக்கு ஹேண்டில் பிடியிலேயே தெரிந்துவிடும். விமானிக்கோ வேகமெடுத்து ஓடி, மூக்கைத் தூக்கப் பார்க்கும் நேரம்வரை கையில் ஒன்றும் தட்டுப்படாது. அவர் நம்புவது லோட் ஷீட் என்கிற ஒரு தாளை. வெறும் விமானத்தின் எடை, ஊழியர்கள், எரிபொருள், அடியில் ஏற்றும் சரக்கு, கவுண்டர் தராசில் வைத்த பெட்டிகள், அப்புறம் பயணிகள், எல்லாம் சேர்ந்த கூட்டல்தான் அது. அதைப் பார்த்துக் கேப்டன் கையெழுத்துப் போடுகிறார். எந்த வேகத்தில் மூக்கைத் தூக்குவது, இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் என்கிற தகட்டை எவ்வளவு இறக்குவது, மூக்கு ஏறி இறங்காமல் சமன் செய்யும் டிரிம்மை எங்கே வைப்பது, நடுவில் ஒரு என்ஜின் நின்றுபோனால் நிறுத்துவதா பறப்பதா என்பதெல்லாம் அந்தக் கூட்டலிலிருந்துதான் வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, பெட்டியைத்தான் தராசில் வைக்கிறார்கள், நம்மை யாரும் நிறுப்பதில்லை. ஆளுக்கு இத்தனை கிலோ என்று ஒரு சராசரிதான். இந்தியாவில் வெகுகாலமாகப் புழங்கும் கணக்கு, பெரியவருக்குக் கைப்பையோடு சேர்த்து 75 கிலோ, சிறுவர்களுக்கு 35, கைக்குழந்தைக்கு 10. அதாவது கைப்பையில் நாம் ஒளித்துக் கொண்டுபோகும் பாரம் எந்தத் தாளிலும் ஏறாது. பெட்டியில் இரண்டு கிலோ கூடினால் பணம் கேட்பார்கள், கூடவே அந்த இரண்டு கிலோ கணக்கிலும் ஏறிவிடும். அதே இரண்டு கிலோவைக் கவுண்டரைத் தாண்டியதும் தம்பி கையில் இருக்கும் பைக்கு மாற்றினால், விமானியைப் பொறுத்தவரை அது உலகத்திலேயே இல்லை.

ஒருத்தருடைய இரண்டு கிலோ ஏர்பஸ் ஏ320 மாதிரியான விமானத்தைக் கவிழ்த்துவிடுமா என்று கேட்டால், கவிழ்க்காது. இப்படிச் சின்ன ஏற்ற இறக்கத்துக்கு இடம் வைத்துத்தான் கணக்கே போடுகிறார்கள். ஆனால் அந்த இடம் யாரோ ஒருவருக்காக வைத்தது, எல்லாரும் ஒரே நாளில் எடுத்துக்கொள்வதற்காக வைத்தது இல்லை. சென்னைக்குப் போகும் ஏடிஆர் என்கிற சின்ன விசிறி விமானத்தில் 78 இருக்கை. ஆளுக்கு ஐந்து கிலோ ஒளித்தால் 390 கிலோ. ஐந்து பேர் டிக்கெட் இல்லாமல் ஏறி உட்கார்ந்த மாதிரி, அவர்களை யாரும் எண்ணவும் இல்லை.

சராசரியே தப்பானால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு விபத்து இருக்கிறது. 2003 ஜனவரி 8, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம், சார்லட் விமான நிலையம். ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் பீச்கிராஃப்ட் 1900 ரகச் சின்ன விமானம், 19 பயணிகள், இரண்டு விமானிகள். கிளம்பியதும் மூக்கு வானத்தைப் பார்த்துச் செங்குத்தாக ஏறியது, விமானிகள் எவ்வளவு தள்ளியும் கீழே வரவில்லை, ஒரு நிமிடத்துக்குள் கீழே விழுந்து 21 பேரும் போய்விட்டார்கள். இதில் காரணம் இரண்டு. பராமரிப்பின்போது, வாலில் இருந்து மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் என்கிற தகட்டை இயக்கும் கம்பியைத் தப்பாக முறுக்கி வைத்திருந்தார்கள், அதனால் மூக்கை முழுசாகக் கீழே இறக்க முடியாது. அந்தக் கோளாறோடேயே அது அதற்கு முன் பல தடவை பறந்து இறங்கியிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு ஆளும் பெட்டியும் நிரம்பி, பாரம் பின்பக்கம் சாய்ந்திருந்தது; தாளில் பார்த்தால் எல்லாம் வரம்புக்குள், நிஜத்தில் வரம்பைத் தாண்டியிருந்தது. தாளில் போட்ட சராசரி பழைய காலத்து ஆட்களுடையது. விபத்துக்குப் பின் பயணிகளை நிறுத்துப் பார்த்தபோது, நினைத்திருந்ததைவிட ஜனங்கள் கனமாக இருப்பது தெரிந்து அமெரிக்க அரசு அந்த எண்களை உயர்த்தியது.

பாரம் தனியாக வந்து கொல்வது குறைவு. வேறொரு கோளாறு வரும் நாளுக்காகக் காத்திருக்கும், அதனால்தான் "போன தடவையும் இப்படித்தான் கொண்டுபோனேன், ஒண்ணும் ஆகலை" என்று யாராவது சொன்னால் எனக்குச் சமாதானம் ஆவதில்லை.

(2025 ஜூன் மாத அகமதாபாத் விபத்துக்கும் பாரம்தான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது, இன்னும் அதையே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். முதற்கட்ட விசாரணை அறிக்கையில் கிளம்பும்போது இருந்த எடை வரம்புக்குள்தான் இருந்தது என்று தெளிவாக இருக்கிறது. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

வீட்டில் செய்ய வேண்டியது

முதலில் காலிப் பெட்டியை நிறுங்கள். இதை யாருமே செய்வதில்லை. பெரிய சைஸ் பெட்டி காலியாகவே நாலு ஐந்து கிலோ வந்துவிடும், உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான் என்னும்போது மூன்றில் ஒரு பங்கு பெட்டிக்கே போய்விடுகிறது. துணி மட்டும் கொண்டுபோகிறவர்களுக்குச் சாதாரண டிராவல் பேக் போதும்.

எடை பார்க்கக் கொக்கி மாட்டித் தூக்கும் லக்கேஜ் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்க்குள் வந்துவிடும், தெருவில் ஒரு வீட்டில் இருந்தால் பத்து வீட்டுக்குப் பயன்படும். அது இல்லையென்றால், ஆள் நிற்கும் மெஷினில் முதலில் வெறும் ஆளாக ஏறி நில்லுங்கள், அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், கழித்தால் பெட்டி எடை. அதுவும் இல்லையென்றால் தெருமுனை மளிகைக் கடைத் தராசு, அண்ணாச்சி ஒன்றும் சொல்லமாட்டார். 15 கிலோ அனுமதி என்றால் வீட்டில் 14க்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். டேப் சுற்றுவது, கயிறு கட்டுவது, கிளம்பும் நேரத்தில் அத்தை கொண்டுவந்து தரும் பொட்டலம், இதெல்லாம் கடைசியில்தான் வரும்.

கைப்பையையும் நிறுங்கள். பெரும்பாலான விமானங்களில் 7 கிலோ. என் கடைக் கதவு நிலையில் ஒரு தராசு தொங்குகிறது, டிக்கெட் வாங்க வருகிறவர்களிடம் கிளம்புகிற அன்று பையோடு வரச் சொல்வேன். துபாய்க்கு மகனை அனுப்ப வந்த ஓர் அம்மா, "தம்பி, இது எம்மகன் தோள்ல போட்டுட்டுப் போறதுதானே, இதுக்குமா தராசு?" என்றார். மாட்டிப் பார்த்தால் 11 கிலோவுக்கு மேல். பையன் முகம் சுண்டிவிட்டது. ஜிப்பைத் திறந்தால் மூன்று எவர்சில்வர் தூக்கு, பருப்புப் பொடி, இட்லிப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், அடியில் லுங்கியில் சுற்றி ஓர் இரும்புத் தோசைக்கல். "அங்கே நான்ஸ்டிக்தான் கிடைக்குமாம், அதுல தோசை முறுகாதுல்ல" என்றார் அந்த அம்மா. அவர் சொன்னது நியாயம்தான். தோசைக்கல்லைப் பெரிய பெட்டிக்கு மாற்றி, பெட்டியில் இருந்த இரண்டு ஜீன்ஸை எடுத்து வெளியே வைத்தோம், தூக்கில் இருந்த பொடியைக் கவரில் கொட்டிக் கட்டினோம். கைப்பை ஏழுக்குள் வந்தது. பாத்திரத்தின் எடையை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைக் கொண்டுபோனாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

டேபிள் டாப் கிரைண்டர் கொண்டுபோக ஆசைப்படுகிறவர்கள் உண்டு, அது மட்டுமே பத்துக் கிலோவைத் தாண்டும். கூடுதல் எடைக்கு ஆன்லைனில் முன்கூட்டியே பணம் கட்டிவிடுங்கள், கவுண்டரில் கட்டுவதைவிடக் குறைவாக வரும், கணக்கிலும் ஒழுங்காக ஏறும். எவ்வளவு பணம் கட்டினாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது, அதைத் தூக்கி ஏற்றுகிற ஆளுக்கும் இடுப்பு இருக்கிறது. இது எடை விஷயம் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: கசகசாவை வளைகுடா நாடுகளுக்குக் கொண்டுபோகவே போகாதீர்கள், குருமாவுக்கென்று ஒரு பொட்டலம் வைத்திருந்தாலும் கேஸ் ஆகிவிடும்.

சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, ஜாக்கெட் பையெல்லாம் பொருளைத் திணித்துக்கொண்டு போவது ஒரு சாமர்த்தியம் என்று வீடியோவெல்லாம் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தராசை ஏமாற்றலாம், இறக்கையை ஏமாற்ற முடியாது.

கவுண்டரில், கேட்டில்

எல்லாப் பெட்டியையும் சேர்த்தே தராசில் வையுங்கள். "இந்தப் பையைக் கொஞ்சம் பிடி" என்று மச்சானைத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கூடினால் மூன்றே வழி: பணம் கட்டுவது, கூட வரும் ஆளின் மீதி அனுமதியில் சேர்ப்பது, வழியனுப்ப வந்தவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுவது. இதற்காகவே வழியனுப்ப வந்தவர்களைப் பெட்டி போட்டு முடிக்கும்வரை வெளியே இருக்கச் சொல்லுங்கள்.

குழந்தையின் வயதை மாற்றிச் சொல்லாதீர்கள். இரண்டு வயது முடிந்த பிள்ளையைக் கைக்குழந்தை என்று மடியில் வைத்துக்கொண்டால் டிக்கெட் காசு மிச்சம் என்று செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எடைக் கணக்கு ஒரு பக்கம், அந்தப் பிள்ளைக்குத் தனி இருக்கையும் பெல்ட்டும் இல்லாமல் போகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

மேலே இடம் இல்லை என்று கேட்டில் உங்கள் கைப்பையை வாங்கி அடியில் போடச் சொன்னால் சண்டை போடாதீர்கள். ஆனால் கொடுக்கும் முன் பவர் பேங்க், மருந்து, பாஸ்போர்ட், வீட்டுச் சாவியை வெளியே எடுத்துவிடுங்கள். பவர் பேங்க் அடியில் போகவே கூடாது, தீப்பிடித்தால் அங்கே அணைக்க ஆள் இல்லை.

எங்கே உட்காருகிறோம் என்பதும் பாரம்தான்

மொத்த எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கோட்டனூவில் முன்பக்கம் குவிந்தது, சார்லட்டில் பின்பக்கம் சாய்ந்தது. 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பாக்ரம் தளத்திலிருந்து கிளம்பிய போயிங் 747 சரக்கு விமானத்துக்குள் கட்டி வைத்திருந்த ராணுவ வண்டி கட்டு அவிழ்ந்து பின்னால் உருண்டு, வால் பகுதியையே சேதப்படுத்தியது. ஏழு பேர் இறந்தார்கள்.

மதுரையிலிருந்து ஏடிஆரில் போனவர்கள் யோசித்துப் பாருங்கள், அதில் ஏறும் படி பின்பக்கம் இருக்கும். படி ஏறுவதற்கு முன் தலையைக் குனிந்து வாலுக்கு அடியில் பாருங்கள், ஒரு முட்டுக்கம்பி தரையில் ஊன்றி நிற்கும். முன்னால் சரக்கும் ஆளும் நிரம்புவதற்குள் பின்பக்கம் கூட்டமாக ஏறினால் வால் தரையில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அது. நிற்கும் விமானத்துக்கே முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், பறக்கும்போது சமநிலை எவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொள்ளலாம்.

ஆகவே கூட்டம் குறைவான நாளில், "சார், டேக்ஆஃப் ஆகும்வரை பின்னாடி உட்காருங்க" என்று விமானப் பணிப்பெண் கேட்டால் உடனே எழுந்து போங்கள். ஜன்னல் சீட் காலியாக இருக்கிறது, குடும்பத்தோடு சேர்ந்து உட்கார வேண்டும் என்று நீங்களாக இடம் மாறாதீர்கள், கேட்டுவிட்டு மாறுங்கள். பெரிய விமானத்தில் ஓர் ஆள் மாறினால் ஒன்றும் இல்லை. ஏடிஆரில் பத்து ஆள் மாறினால் கணக்கு மாறும்.

குழுவாகப் போகிறவர்கள்

சராசரி என்பது கலந்து கட்டிய கூட்டத்துக்குத்தான் பொருந்தும். கபடி அணி ஒன்று மொத்தமாக ஏறினால் பொருந்தாது. நாதஸ்வரம் தவில் செட் கச்சேரிக்குப் போகும்போது ஆளுக்கொரு வாத்தியம், சிலம்பக் குழு என்றால் தடிக்கட்டு, இதெல்லாம் உண்டு. 1985 டிசம்பர் 12 அன்று கனடாவின் காண்டர் நகரத்தில் அமெரிக்க ராணுவ வீரர்களை ஏற்றி வந்த ஆரோ ஏர் நிறுவன விமானம் கிளம்பியவுடன் விழுந்து 256 பேர் இறந்தார்கள். இறக்கையில் படிந்த பனிதான் காரணம் என்று விசாரணைக் குழுவில் பெரும்பான்மையோர் சொன்னார்கள், அதில் கருத்து வேறுபாடு இன்றுவரை உண்டு. ஆனால் வீரர்களையும் அவர்கள் தூக்கி வந்த மூட்டைகளையும் சாதாரணப் பயணி கணக்கில் போட்டு எடையைக் குறைவாக எழுதியிருந்தார்கள் என்பதும் அந்த விசாரணையில் வந்தது.

குழுவுக்கு டிக்கெட் எடுக்கும்போதே என்ன குழு, என்ன சாமான், ஒவ்வொன்றும் சுமாராக எத்தனை கிலோ என்று விமான நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லை டிக்கெட் போடுகிறவரிடம் சொல்லுங்கள். தவிலை நல்ல பெட்டியில் வைத்து, தனிச் சாமானாகப் பதிவு செய்யச் சொல்லலாம். வித்வான்களுக்கு வாத்தியம் உடையாமல் போய்ச் சேரும் என்ற நிம்மதியும் கிடைக்கும்.

யாத்திரைக்கு, சின்ன விமானத்தில், ஹெலிகாப்டரில்

இந்தப் பகுதியைப் பெரியவர்களும் அவர்களைக் கூட்டிப்போகிற டூர் ஆட்களும் இரண்டு தடவை படிக்க வேண்டும்.

முக்திநாத் 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்பதால் நம் பக்கத்திலிருந்து வருஷாவருஷம் குழுக்கள் போகின்றன. நேபாளத்தில் போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சுமார் 20 நிமிடம் சின்ன விமானப் பயணம், இருபது பேர்கூட ஏற முடியாத விமானம், இரண்டு பக்கமும் மலை. ஜோம்சோம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2700 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி நம் ஊரைவிடக் கிட்டத்தட்ட கால்வாசி குறைவு. காற்று லேசாக இருந்தால் இறக்கைக்குப் பிடிப்பு குறையும், என்ஜினுக்கும் பலம் குறையும், அதே பாரத்தைத் தூக்க நீளமான ஓட்டம் வேண்டும். சின்ன விமானங்களுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, எடை பத்து சதவீதம் கூடினால் கிளம்பத் தேவையான தூரம் இருபது சதவீதம் கூடும். நீளம் ஏற்கெனவே குறைவான ஓடுபாதையில் இது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் அங்கே ஆளையும் மெஷினில் ஏறச் சொல்லலாம். கூச்சப்படாதீர்கள், குறைத்துச் சொல்லாதீர்கள். படிவத்தில் எடை கேட்டால் கல்யாணத்துக்கு முன் இருந்த எடையை எழுதாமல் இன்றைய எடையை எழுதுங்கள், செருப்பு, ஸ்வெட்டர், ஷால் எல்லாம் போட்டுக்கொண்டு நின்று பார்த்த எடை. சாமான் அனுமதி பெரும்பாலும் பெட்டிக்கு 10 கிலோ, கைக்கு 5 கிலோதான். பெரிய பெட்டியைப் போக்ரா லாட்ஜிலேயே வைத்துவிட்டு, இரண்டு நாள் துணி, கம்பளி, மாத்திரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது சாளக்கிராமக் கல் வாங்கி முடிந்து கொண்டுவருகிறவர்கள், அதுவும் கல் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதையும் தராசில் வையுங்கள். காலையில் மட்டும்தான் அங்கே விமானம், மதியத்துக்கு மேல் காற்று பலமாக அடிக்கும். இன்றைக்கு விமானம் இல்லை, ஆறு பேரைத்தான் ஏற்ற முடியும் என்று சொன்னால், மீதிப் பேர் ஜீப்பில் வாருங்கள், அல்லது ஒரு நாள் தங்குங்கள். திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் இடைவெளி விட்டுப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

நேபாளத்தில் 2024 ஜூலை 24 அன்று காத்மாண்டுவில் சௌர்யா ஏர்லைன்ஸ் விமானம் பராமரிப்புக்காகப் போக்ராவுக்குக் கிளம்பும்போதே விழுந்தது, 19 பேரில் கேப்டன் மட்டும் பிழைத்தார். எந்த எடைக்கு எந்த வேகம் என்று எழுதிய அட்டையில் பிழை இருந்ததையும், சாமான் ஏற்றியதில் இருந்த கடுமையான அலட்சியத்தையும் விசாரணை அறிக்கை சொன்னது. உள்ளே இருந்தவர்கள் எல்லாம் அந்தத் தொழில் தெரிந்த ஊழியர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும்தான்.

கேதார்நாத் ஹெலிகாப்டர் என்றால் இன்னும் கறார். கோவில் இருப்பது சுமார் 3500 மீட்டருக்கு மேல். ஆளை நிறுத்துத்தான் ஏற்றுவார்கள், 80 கிலோவுக்கு மேல் இருந்தால் கூடுதல் கட்டணம், கையில் சின்னப் பை மட்டும், இரண்டு கிலோவுக்குள். கனமானவரை இந்தப் பக்கம், லேசானவரை அந்தப் பக்கம் என்று பிரித்து உட்கார வைப்பார்கள். "நானும் என் வீட்டுக்காரரும் பக்கத்துப் பக்கத்துலதான் உக்காருவோம்" என்று அங்கே அடம் பிடிக்காதீர்கள் அம்மா, ஏழெட்டு நிமிடப் பயணம்தான்.

பைலட் மாட்டேன் என்றால்

கல்யாணத்துக்கு, கட்சி வேலைக்கு என்று சின்ன விமானம் அல்லது ஹெலிகாப்டர் வாடகைக்கு எடுக்கிறவர்கள் இப்போது நம் பக்கமும் வந்துவிட்டார்கள். பணம் கொடுத்தவர் சொல்வதுதான் சட்டம் என்ற நினைப்பு அங்கே ஆகாது.

2001 ஆகஸ்ட் 25, பஹாமாஸில் அபாகோ தீவு. ஆலியா என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகி, வயது 22, பாடல் படப்பிடிப்பு முடிந்து தன் குழுவோடு ஊர் திரும்ப ஒரு செஸ்னா 402 விமானத்தில் ஏறினார். ஆட்களும் படப்பிடிப்புச் சாமான்களும் சேர்ந்து வரம்பைவிட 300 கிலோவுக்கு மேல் அதிகம், அதுவும் பின்பக்கம் சாய்ந்த பாரம். ஓடுபாதை முடிந்து கொஞ்ச தூரத்திலேயே விழுந்து எரிந்தது, ஒன்பது பேரும் போய்விட்டார்கள். ஓட்டியவருக்கு அந்த நிறுவனத்துக்காக அந்த விமானத்தை ஓட்ட அனுமதியே இல்லை, உடம்பில் மதுவும் போதைப் பொருளும் இருந்தன என்பது பின்னால் தெரிந்தது. ஏறுவதற்கு முன் பாரம் அதிகம் என்று வாக்குவாதம் நடந்ததாக அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள்.

வாடகைக்கு எடுக்கும்போது செய்ய வேண்டியது: ஒவ்வொருவரின் எடை, ஒவ்வொரு பையின் எடை, இரண்டையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கடைசி நேரத்தில் "நம்ம மாமாவும் வராரு" என்று ஆள் சேர்க்காதீர்கள். எத்தனை பேரை, எவ்வளவு சாமானை ஏற்ற முடியும் என்று பைலட்டிடமே கேளுங்கள். அவர் இரண்டு தடவையாகக் கொண்டுபோகிறேன் என்றால் இரண்டு தடவையாகப் போங்கள். "அண்ணே, நமக்காக இந்த ஒரு தடவை" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கவே கேட்காதீர்கள். நாம் கெஞ்சியதும் ஒத்துக்கொள்கிற பைலட்டாக இருந்தால் அப்போதே இறங்கிவிடுவது நல்லது.

வெயில் காலத்தில் பெட்டி பின்தங்கினால்

கத்திரி வெயிலில் மதுரையில் நாற்பது டிகிரி தொடுகிறது. 15 டிகிரியோடு ஒப்பிட்டால் அந்தச் சூட்டில் காற்றின் அடர்த்தி எட்டு சதவீதம்போலக் குறைவு. அதே ஓடுபாதை, அதே விமானம், ஆனால் தூக்கக்கூடிய பாரம் குறைந்துவிடும். அந்த மாதிரி மதிய விமானங்களில் சில சமயம் சரக்கையோ பெட்டிகளையோ இறக்கிவிட்டுக் கிளம்புவார்கள், அரிதாக ஆளையும் இறக்கக் கேட்பார்கள். நிறையப் பேர் இதைக் கேட்டதும் கொதித்துப்போய்க் கவுண்டரில் கத்துகிறார்கள். பெட்டி வராத எரிச்சல் நியாயமானது, ஆனால் இறக்கியவர் உங்களுக்கு எதிராக எதுவும் செய்யவில்லை, கணக்கு மீறுகிறது என்று தெரிந்து கிளம்பாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஏப்ரல், மே மாதங்களில் முடிந்தவரை அதிகாலை அல்லது இரவு விமானமாகப் போடச் சொல்லுங்கள், நானும் அப்படித்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

போய் இறங்கிய இடத்தில் பெட்டி வரவில்லையென்றால் பெல்ட் பக்கத்திலேயே விமான நிறுவனத்தின் ஆளைப் பிடித்து, பெட்டி வரவில்லை என்று எழுத்தில் ஒரு புகார் பதிந்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் வெளியே வந்துவிட்டால் அப்புறம் அலைய வேண்டும். பெட்டியின் நிறம், சைஸ், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லத் தயாராக இருங்கள், கட்டி முடித்ததும் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் வேலை சுலபம். டேக் ஒட்டிய போர்டிங் பாஸைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பதில் வரவில்லையென்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவாவில் புகார் போடலாம். பெட்டி வரும்வரை சமாளிக்கக் கைப்பையில் ஒரு செட் துணி, ஒரு வாரத்துக்கான மாத்திரை, சார்ஜர், வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால் அப்பாயிண்ட்மெண்ட் தாளின் நகல், இவை இருக்கட்டும், எல்லாம் சேர்த்தாலும் மூன்று கிலோவைத் தாண்டாது.